சம்மந்தியின் மீன்கொத்தியும் என் மகள் வீட்டுச் சுவரும்

எனக்கு என் சம்மந்தி மேல் பொறாமை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். பாதி படித்த பிறகு யாரும் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

சம்மந்தி என்றால் என் ஒரே மகளின் மாமனார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோச்சடையில் வைகைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. ஒல்லியான ஆள். சத்தமே வராமல் பேசுவார். அவர் பேசும்போது நாலு பேர் தங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பார்கள். நான் பேசும்போது யாரும் காதைக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை, தெருமுனை வரைக்கும் கேட்கும். லேத் ஓடுகிற சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பன்னிரண்டு வயதில் வெல்டிங் ராடு பிடித்தேன். இன்றைக்கு அவனியாபுரத்தில் சொந்த இடத்தில் பட்டறை, நாலு லேத், பதினோரு பேருக்கு வேலை. எங்கள் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்து எந்தக் கேட்டைத் தட்டினாலும் மூன்றில் ஒன்று என் பட்டறையில் அடித்ததாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். என் மகளை நான்தான் என்ஜினீயருக்குப் படிக்க வைத்தேன். அவள் சின்னப் பிள்ளையில் சைக்கிள் செயின் கழன்றாலும் சரி, கணக்கு வராவிட்டாலும் சரி, "எங்கப்பாவுக்குத் தெரியும்" என்பாள். கணக்கு எனக்குத் தெரியாது. ஆனாலும் அப்படித்தான் சொல்வாள்.

கல்யாணமான நாலாம் வருசம் ஒரு மாற்றம் கவனித்தேன். போனில் எதைக் கேட்டாலும், "மாமா என்ன சொன்னாருன்னா..." என்று ஆரம்பிப்பாள். தண்ணீர்த் தொட்டி எங்கே வைக்கலாம், மாமா சொன்னார். மகனுக்கு எந்தப் பள்ளிக்கூடம், மாமா சொன்னார். ஒருநாள் கேட்டுக்கு எந்தக் கனத்தில் தகடு போடலாம் என்பதைக்கூட மாமா சொன்னதாகச் சொன்னாள். தகடு! என்னிடம்! அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த மாமாவுக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழக்கம் வந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் கண்மாய் கண்மாயாகப் போய்ப் பறவைகளைப் படம் எடுப்பது. நான் சிரித்தேன். வேலைவெட்டி இல்லாதவர் காக்கா பார்க்கப் போகிறார் என்று என் மனைவியிடம் சொன்னேன். பிறகு அவர் எடுத்த ஒரு படத்தைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

கருப்பும் வெள்ளையுமாக ஒரு மீன்கொத்தி. தண்ணீரிலிருந்து அப்போதுதான் எழும்புகிறது. வாயில் குறுக்காக ஒரு மீன். சிறகிலிருந்து தெறிக்கிற தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாக நிற்கிறது, எண்ணிவிடலாம். மீனுடைய கண்கூடத் தெரிந்தது.

"எங்க சம்மந்தி எடுத்தீக?" என்று கேட்டேன்.

"உங்க ஊருலதான் சம்மந்தி. சாமநத்தம் கண்மாய்ல."

என் பட்டறையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். நாற்பது வருசமாக அந்தக் கரையில்தான் நான் போய் வருகிறேன். அங்கே இப்படி ஒன்று நடக்கிறது என்று எனக்குக் கோச்சடையிலிருந்து ஒரு ஆள் வந்து காட்ட வேண்டியிருக்கிறது. கோபம் வருமா வராதா?

இந்த நேரத்தில்தான் மகளும் மாப்பிள்ளையும் சொந்த வீடு கட்டினார்கள், கோச்சடையிலேயே. கேட்டு, ஜன்னல் கிராதி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் என் பட்டறை. கைப்பிடியை நானே நின்று வளைத்தேன். எங்கள் தொழிலில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்போம். அந்தக் கைப்பிடியில் ஒரு நூல் பிசகைக் காட்டினால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பூச்சு வேலை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். கூடத்தில், வாசலுக்கு நேர் எதிரே, ஒரு பெரிய சுவரை மகள் வெறுமனே விட்டிருந்தாள். அலமாரி இல்லை, டிவி இல்லை.

"இங்க ஒரே ஒரு படம்தான்ப்பா. உள்ள வந்ததும் அதுதான் கண்ணுல படணும். மாமாவோட மீன்கொத்தியப் பெருசு பண்ணி மாட்டப் போறேன்."

நான் கைப்பிடியைப் பார்த்தேன். யாரும் கைப்பிடியைப் பார்க்கவில்லை.

"படம்தான வேணும்? நான் எடுத்துத் தாரேன்" என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

மாப்பிள்ளை தரையைப் பார்த்துச் சிரித்தார். என் மனைவி, "ஏங்க, நீங்க செல்போன்ல எடுத்தாலே எல்லாருக்கும் பாதித் தலைதான் வருது" என்றாள். சம்மந்தி மட்டும் சிரிக்கவில்லை. "எடுங்க சம்மந்தி. இரும்பு பிடிச்ச கை, ஆடாது. அருமையா வரும்" என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். மனதாரச் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

மகள் நியாயஸ்தி. "சரிப்பா. தை மாசம் பால் காய்ச்சுறோம். அதுக்குள்ள நீங்களும் ஒரு படம் குடுங்க. ரெண்டுல எது நல்லா இருக்கோ, அது இந்தச் செவுத்துல" என்றாள்.

அந்தச் சுவர் எனக்கு வேண்டும். அவ்வளவுதான் விசயம். என் மகள் வீட்டு வாசலில் நுழைகிறவன் முதலில் பார்ப்பது என் கைவேலையாக இருக்க வேண்டும், அவர் கைவேலையாக இருக்கக் கூடாது.

கேமரா வாங்குவதில் நான் செய்த முதல் காரியத்தைச் சொன்னால் இரும்பு யாவாரம் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். எங்களுக்கு எதுவுமே எடைதான். கம்பி எடை, தகடு எடை, மிசினை விற்றாலும் எடை. கனமாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு, லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. இந்தப் புத்தியிலேயே வளர்ந்தவன். எங்கள் தெருவில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்காரரிடம் போய், "அண்ணே, ஒங்ககிட்ட இருக்கதுலயே கனமான கேமரா எது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தான் புதுசு வாங்கப் போவதால் பழைய பெரிய கேமராவைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கூடவே தடிமனாக ஒரு லென்ஸ். பட்டறைக்குக் கொண்டுவந்து தராசில் வைத்தேன். மூன்று கிலோவுக்கு மேலேயே நின்றது. சம்மந்தியின் கேமராவை இதற்குள் போட்டு மூடலாம் என்று எனக்கு அவ்வளவு சந்தோசம்.

கேமராவை நிறுத்த மூன்று கால் ஸ்டாண்டு வேண்டும் என்றார்கள். கடையில் விற்பது குச்சி மாதிரி இருந்தது. நானே ஒன்றரை அங்குலக் குழாயில் ஒன்று அடித்தேன். அதன் மேல் ஆள் ஏறி நிற்கலாம்.

சாமநத்தம் கரையில் அந்த ஸ்டாண்டை ஆட்டோவிலிருந்து இறக்கி விரித்தபோது டங்கென்று ஒரு சத்தம். கண்மாயில் இருந்த அத்தனை பறவையும் ஒரே நேரத்தில் எழுந்து போனது. அரை மணி நேரம் கழித்துத் தூரத்துக் கருவேலங்கட்டையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. அதற்குள் ஸ்டாண்டின் ஒரு கால் சேற்றில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, கேமரா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையில் தூக்கி எடுத்தேன். இரும்பு பிடித்த கைதான். ஆனால் அறுபத்தேழு வயது ஆகிவிட்டது, மூன்று கிலோவை மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடித்தால் எந்தக் கையும் ஆடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதுகிறேன்.

ஆனாலும் ஒரு படம் விழுந்தது. எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. படம் எடுத்தால் பிளக்ஸ் அடிப்பது எங்கள் ஊர் வழக்கம், காது குத்துக்கும் பிளக்ஸ், கட்சிக்கும் பிளக்ஸ். ஆறடிக்கு நாலடி அடித்துப் பட்டறை வாசலில் கட்டினேன். மறுநாள் காலையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் வண்டியை நிறுத்தி, தலைத் துண்டை எடுத்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே... யாருண்ணே தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. ஏன்?"

"இல்லண்ணே, பெரிய போர்டா கருக்கலா தெரிஞ்சுச்சு. கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சுட்டேன்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஆறடி முழுக்கச் சாம்பல் நிறத் தண்ணீர். நடுவில் ஒரு மொச்சை அளவுக்குக் கலங்கலாக ஏதோ ஒன்று. மகளுக்கு அதே படத்தைப் போனில் அனுப்பியிருந்தேன். "நல்லா இருக்குப்பா. பறவை எங்க?" என்று பதில் வந்திருந்தது. பிளக்ஸை அவிழ்த்து இரும்புத் தூள் குவியலுக்கு மேல் மூடினேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம். அவ்வளவு சின்னக் கேமராவில் அவருக்கு எப்படிப் பறவை அவ்வளவு கிட்டத்தில் வருகிறது? அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்திருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

பைபாஸ் ரோட்டில் கேமரா மட்டுமே விற்கிற ஒரு கடை இருக்கிறது. அங்கே ஒரு பெண் வேலை பார்க்கிறார், முப்பது வயது இருக்கும். என் பெரிய கேமராவைக் கவுண்டரில் வைத்தேன். கண்ணாடி அதிர்ந்தது.

"இது ரொம்ப நல்ல கேமரா ஐயா. மேடை வெளிச்சத்துல கல்யாணம் எடுக்க. நீங்க என்ன எடுக்கப் போறீங்க?"

"மீன்கொத்தி."

அவர் சிரிக்காமல் ஒரு காரியம் செய்தார். சுவரில் இருந்த ஒரு பெரிய படத்தை இறக்கிவைத்தார். ஏரி, நடுவில் சின்னதாக ஒரு கொக்கு. ஒரு வெள்ளை அட்டையில் நடுவே சதுரமாக வெட்டி, அந்தக் கொக்கைச் சுற்றி வைத்தார்.

"கேமராவுக்குள்ள படம் விழுற சில்லு ஒண்ணு இருக்குல்ல ஐயா, சென்சார். உங்களதுல அது பெருசு. இந்த முழுப் படமும் விழும். கொக்கு சின்னதாத்தான் தெரியும். கிராப் சென்சார்னு இன்னொரு வகை இருக்கு. அதுல சில்லு சின்னது. அட்டைக்குள்ள இருக்கிற இந்த நடுப்பகுதி மட்டும்தான் விழும். அதனால படத்துல கொக்கு பெருசா நிக்கும்."

"அப்ப மிச்சத்த வீணாக்குறதா?"

"மிச்சம் வெறும் தண்ணியும் ஆகாசமும்தான ஐயா?"

எனக்குப் பெரிய தகட்டில் வேண்டிய துண்டை வெட்டி எடுப்பது ஞாபகம் வந்தது. அதைத்தான் நானே வீட்டில் கம்ப்யூட்டரில் பண்ணலாமே என்று கேட்டேன். பண்ணலாம், ஆனால் வெட்டிய பிறகு புள்ளிகள் குறைந்துபோகும், பெரிசாக்கினால் கலங்கும், இந்தச் சின்னச் சில்லில் அந்த நடுப்பகுதிக்குள்ளேயே புள்ளிகளை நெருக்கி அடைத்திருக்கிறார்கள் என்றார். நானூறு நீள லென்ஸ் போட்டால் அறுநூறு போட்ட மாதிரி இழுக்கும். கேமராவும் லென்சும் சேர்ந்து உங்களுடையதில் பாதிக் கனம்கூட வராது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு தேக்கடி வரைக்கும் போய் வரலாம். "ஒரு குறையும் சொல்லிருறேன் ஐயா. கருக்கல்ல எடுத்தா கொஞ்சம் புள்ளி புள்ளியா விழும். வெளிச்சம் வந்த பிறகு எடுங்க."

குறையைத் தானாகச் சொல்கிற கடைக்காரரை நான் நம்புவேன். நானும் அப்படித்தான் யாவாரம் செய்கிறேன்.

மூன்று கேமராக்களை எடுத்துவைத்தார். முதலாவது சட்டைப் பையில் போடுகிற அளவு. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டை அதில் இல்லை, பின்னால் இருக்கிற திரையில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன். திரையில் என் மூஞ்சிதான் தெரிந்தது. மதுரை வெயிலுக்கு அது ஆகாது. திருப்பிக் கொடுத்தேன்.

ரெண்டாவதை வலது கையில் எடுத்தேன். எடுத்ததும் விடத் தோன்றவில்லை. பிடி ஆழமாக இருந்தது, நாலு விரலும் உள்ளே போய் உட்கார்ந்தது. மேலே டயல். திருப்பினால் கிளிக் கிளிக்கென்று விரலுக்குத் தெரிகிற மாதிரி நிற்கிறது. லேத்தில் டயலைப் பார்க்காமலேயே விரலால் எண்ணித் திருப்புகிறவன் நான். இதில் எழுத்தையே படிக்க வேண்டாம். ரெண்டு கிளிக் இந்தப் பக்கம் என்றால் வேகம், மூன்று அந்தப் பக்கம் என்றால் வெளிச்சம். பறவையின் கண் எங்கே போனாலும் அதுவே தேடிப் பிடித்துக்கொள்கிறது என்றார்.

"இதையே எடுத்துக்கங்க ஐயா. உங்க கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. போன வருசம் கோச்சடையில இருந்து ஒரு சார் வந்து இதத்தான் வாங்கிட்டுப் போனாரு. பேங்க்ல இருந்தவரு. எம்புட்டு நல்ல மனுசன்! மாசம் ஒரு தடவ வந்து எடுத்த படத்தையெல்லாம் காட்டிட்டுப் போவாரு."

கேமரா என் கையில் சுட்டது.

"இதுக்கு மேல ஒண்ணு இல்லையாம்மா?"

மூன்றாவது அதுதான். விலை கூட, பட்டன் கூட. வெல்டிங் தீப்பொறி பட்டுக் காய்த்த என் கட்டை விரல் ஒன்றை அமுக்கினால் ரெண்டு பட்டன் சேர்ந்து அமுங்கியது. திரை முழுக்க இங்கிலீசில் ஏதோ வரிசையாக வந்து நின்றது. வெளியே வரத் தெரியவில்லை. அவரும் பக்கத்தில் நின்று மூன்று தரம் வெளியே கொண்டுவந்தார், நான் மூன்று தரம் உள்ளே போனேன். அரை மணி நேரம் போராடினேன். சம்மந்தி வாங்கியதையே நான் வாங்குவதா? விலை கூடினதை வாங்கிப் பெட்டிக்குள் வைப்பதா? சுவர் வேண்டும். கடைசியில் சுவர்தான் ஜெயித்தது. ரெண்டாவதையே எடுத்தேன். நானூறு லென்ஸ் ஒன்று, ஊர் சுற்றும்போது கோயில், மலை எடுக்க சின்ன லென்ஸ் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்பெனிப் பெயர், நம்பர் எல்லாவற்றுக்கும் மேல் கருப்பு இன்சுலேசன் டேப் ஒட்டினேன்.

ரெண்டு மாதம் மொட்டை மாடியில் பழகினேன். காலையில் காக்கா, மைனா. பத்து மணிக்கு மேல் விமானம். எங்கள் தலைக்கு மேல்தான் இறங்கும், நகர்கிற ஒன்றை விடாமல் பின்தொடர்ந்து எடுப்பதற்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு நொடியை ஆயிரமாக, ரெண்டாயிரமாக வெட்டி அதில் ஒரு துண்டில் எடுக்க வேண்டும், அப்போதுதான் சிறகு நிற்கும். இதெல்லாம் எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது. வேகம், அளவு, கைப்பதம், மூன்றும் என் தொழில்தான். மனைவி காபியோடு ஏறி வந்து, "நாலு லேத்தக் கட்டி மேச்ச மனுசன், இப்ப காக்கா மேய்க்கிறீக" என்பாள். சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தா, தொட்டி மேல ஒண்ணு" என்று காட்டவும் செய்வாள்.

மார்கழியில் சாமநத்தத்துக்கு வாரம் மூன்று நாள் போனேன். ஸ்டாண்டு இல்லை, சத்தம் இல்லை. மீன்கொத்தி படத்தில் விழுந்தது. மீனோடும் விழுந்தது. ஒருநாள் தண்ணீர்ச் சொட்டோடும் விழுந்தது. அந்தப் படத்தையும் அவர் படத்தையும் போனில் மாற்றி மாற்றிப் பார்த்தேன். யார் கேட்டாலும் என்னுடையதுதான் உசத்தி என்று சாதிப்பேன். ஆனால் தொழில்காரனுக்குத் தரம் தெரியும். அவருடையது ஒரு நூல் உசத்தி. அந்த ஒரு நூலை என்னால் எட்ட முடியவில்லை.

பால் காய்ச்சுவதற்குப் பத்து நாள் இருக்கும். விடிந்து வெளிச்சம் வந்த நேரம், கரையில் போனால் வேப்பமரத்தடியில் அவர் ஸ்கூட்டர் நிற்கிறது. ஏற்கெனவே நல்ல படம் இருக்கிறது, சுவர் பாதி கைக்கு வந்துவிட்டது, இன்னும் என்ன வேண்டும் இவருக்கு? அதுவும் என் கண்மாயில்? கரையை விட்டிறங்கி, நாணல் மறைவாகச் சுற்றிப் போனேன்.

மேலாளராக இருந்த மனிதர் சேற்றில் குப்புறப் படுத்திருந்தார். சட்டை ஏறி முதுகு தெரிந்தது. ஒரு காலில்தான் செருப்பு. கேமரா மூஞ்சியோடு ஒட்டியிருக்க, தூரத்துக் கட்டையில் ஒரு மீன்கொத்தியைக் குறிவைத்து மூச்சுவிடாமல் கிடந்தார். எம்புட்டு நேரமாக அப்படிக் கிடந்தாரோ, அவரை மரக்கட்டை என்று நினைத்து ஒரு பெரிய நாரை அவருக்குப் பின்னாலேயே வந்து நின்றது. அவர் இடுப்பு உயரம் இருக்கும். கழன்று கிடந்த செருப்புக்கு ஒரு சாண் தள்ளி நின்று, கழுத்தை நீட்டி, அவர் தலைக்கு மேலாக அவர் பார்க்கிற திக்கையே தானும் பார்த்தது. ஒரு காலை மெதுவாகத் தூக்கிக்கொண்டது.

நல்லெண்ணத்தில் எடுக்கவில்லை. மகளிடம் தனியாகக் காட்டி, "பாரும்மா, ஒன் மாமாவுக்குப் பின்னால யானை வந்து நின்னாலும் தெரியாது" என்று சொல்லலாம் என்றுதான் எடுத்தேன். டயலில் ரெண்டு கிளிக். கை ஆடவில்லை.

அமுக்கின சத்தத்தில் நாரை பறந்தது. அவர் திரும்பினார்.

"அட, சம்மந்தி! எப்ப வந்தீங்க? என்னமோ பெருசா பறந்துச்சே?"

"கொக்கு" என்றேன்.

எழுந்து வந்தவர் கண் என் கேமராவில் விழுந்தது. டேப்பைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "மழைக்கு ஒட்டிருக்கீங்களா? நல்ல யோசனை" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சம்மந்தி வீட்டில் எல்லோரும் கூடினோம். மகள் என் கேமராக் கார்டை டிவியில் போட்டாள். மீன்கொத்திகளை மட்டும் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று இருந்தேன். அவள் வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனாள். "நல்லா இருக்குப்பா... இது நல்லா இருக்கு... இதுவும்..." அந்தக் குரல் எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுப் பிள்ளை படம் வரைந்து காட்டினால் சொல்கிற குரல். நான் நிறுத்தச் சொல்வதற்குள் அது வந்துவிட்டது.

ஐம்பது அங்குலத் திரை முழுக்கச் சம்மந்தியின் முதுகு.

எங்கள் பக்கம் சம்மந்தி வீட்டு ஆளைக் கேலி பண்ணுவது விளையாட்டில்லை. ஒரு பந்தியில் இலை மாறி விழுந்ததற்குப் பத்து வருசம் முகம் பார்க்காத குடும்பங்களை நான் அறிவேன். என் மனைவி என் தொடையைக் கிள்ளினாள். ஒரு சுவருக்காக மகளின் வாழ்க்கையில் மண்ணள்ளிப் போட்டுவிட்டேனா என்று எனக்கு வியர்த்துவிட்டது.

சம்மந்தி எழுந்தார். திரைக்குக் கிட்டப் போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நாரையைப் பார்த்தார், தூக்கிய காலைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தமே வராத மனிதர், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு வருசமா அந்த நாரையத்தான்யா நான் தேடுறேன்! கிட்டவே விடாது. பின்னாலயா வந்து நின்னுச்சு?"

மகளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பா, எப்படிப்பா எடுத்தீங்க இத? மாமாவும் நாரையும் ஒரே மாதிரி பாக்குறாங்க..." பேச முடியாமல் என் தோளில் அடித்தாள். எத்தனையோ வருசம் கழித்து அடித்தாள்.

"இதுதான்ம்மா அந்தச் செவுத்துக்கு. என் மீன்கொத்தி மாடி ரூமுக்குப் போகட்டும்" என்றார் சம்மந்தி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தச் சுவருக்காக நான் நாலு மாதம் தூக்கம் கெட்டேன். அவர் நாற்காலி மாற்றி உட்காருகிற மாதிரி விட்டுக்கொடுத்துவிட்டார். தோற்பதிலும் அந்த மனிதர் என்னைவிட உசத்தியாகத் தோற்கிறார், இதற்கு நான் எந்தக் கேமரா வாங்குவது?

பால் காய்ச்சுகிற அன்றைக்கு வாசலில் நுழைந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் கண்ணில் பட்டது என் படம்தான். ஆறடி அகலம். சட்டத்தை நானே அடித்தேன், மூலை ஒட்டு தெரியாது. நான் பட்டு வேட்டியோடு பக்கத்திலேயே நின்றேன், கேட்டால் சொல்லலாம் என்று.

கேட்டார்கள். "யாரு இது, சேத்துல படுத்திருக்கது?"

சம்மந்தி வந்துவிட்டார். எப்படிப் படுத்தார், எவ்வளவு நேரம் மூச்சை அடக்கினார், நாரை எவ்வளவு கூச்சமான பறவை, எல்லாம் அந்த மெல்லிய குரலில். சுற்றிலும் இருபது பேர் காதைக் கொடுத்து நின்றார்கள். அலங்காநல்லூரிலிருந்து வந்திருந்த என் சொந்த மச்சானே அவர் தோளில் கை போட்டு, "அண்ணே, நீங்க பெரிய ஆளு" என்றான். சம்மந்தி நல்லவர், ஒவ்வொரு தரமும் மறக்காமல் என்னைக் காட்டி, "எடுத்தது எங்க சம்மந்தி" என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், மறுபடியும் அவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். படம் என்னுடையது. படத்தில் இருக்கிற ஆள் அவர். இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மத்தியானம் பந்தி முடிந்ததும் அவரை அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க வைத்து எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார்கள். யார் எடுப்பது என்று பேச்சு வந்தது. மகள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்க எடுங்க. உங்க அளவுக்கு இங்க யாருக்கும் வராது."

வேறு யார் அதைச் சொல்லியிருந்தாலும் எனக்குப் போதாது. கேமராவில் சின்ன லென்சை மாட்டினேன். கண்ணை வைத்துப் பார்த்தேன். நடுவில் அவர், சுற்றிலும் என் மகள், மாப்பிள்ளை, என் மனைவி, என் சொந்தக்காரர்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டு. ரெண்டு கிளிக் திருப்பினேன்.

"சம்மந்தி, இடது பக்கம் ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்றேன், லேத் சத்தத்துக்கு மேலே பேசுகிற குரலில். "படத்த மறைக்கிறீங்க."